ஒரு யோசனை உங்கள் கம்பெனியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது? புதுமைக்கு வழிவிடும் அமைப்பும் பண்பாடும்: முழுமையான வழிகாட்டி

கேரி ஸ்டார்க்வெதர் ஓர் ஒளியியல் பொறியாளர். 1960களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்து வெப்ஸ்டரில் இருந்த ஸெராக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். நகலெடுக்கும் இயந்திரத்துக்குள் லேசர் கதிரைச் செலுத்தினால் கணினியில் இருப்பதை நேரடியாகத் தாளில் அச்சடிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டார். ஸ்டார்க்வெதர் விடாமல் மறைவாகச் செய்துகொண்டிருந்தார். 1970இல் அதே கம்பெனி கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு புதிய ஆய்வு மையத்தைத் தொடங்கியது. மன்றாடி மாற்றல் வாங்கிக்கொண்டு 1971இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் லேசர் பிரிண்டர் ஓடத் தொடங்கிவிட்டது. 1977இல் ஸெராக்ஸ் 9700 என்ற பெயரில் சந்தைக்கு வந்து, நிமிடத்துக்கு 120 பக்கம் அடித்துத் தள்ளி, கம்பெனிக்குப் பெரும் வருமானம் கொண்டு வந்தது.

அதே ஆள், அதே யோசனை, சம்பளம் கொடுத்ததும் அதே கம்பெனி. அவர் உட்கார்ந்த இடமும் அவருக்குத் தலையசைக்க வேண்டியிருந்த ஆளும் மட்டுமே மாறினார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். நல்ல யோசனைகள் திறமைக் குறைவால் சாவது அபூர்வம். யோசனை பிறந்த மேசைக்கும் முடிவெடுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள பாதையில்தான் அவை சாகின்றன. அந்தப் பாதையில் எத்தனை வாசல், ஒவ்வொரு வாசலிலும் எவ்வளவு பயம் என்பதைத்தான் அமைப்பு, பண்பாடு என்ற இரண்டு சொற்களும் குறிக்கின்றன. முப்பது பேர் முதல் முந்நூறு பேர் வரை உள்ள ஒரு மென்பொருள் கம்பெனியையோ, பெரிய கம்பெனிக்குள் ஒரு பிரிவையோ நடத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: இரண்டு யோசனைகளின் பாதையை வரையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பெரிய சார்ட் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் பிறந்து, வாடிக்கையாளர் கைக்குப் போன ஒரு யோசனையை எடுங்கள். அதே ஆண்டில் பாதியில் காணாமல் போன இன்னொன்றையும் எடுங்கள். யார் முதலில் சொன்னார், யாரிடம் சொன்னார், அவர் யாரிடம் எடுத்துப் போனார், எந்தத் தேதி, அங்கே எத்தனை நாள் கிடந்தது, எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். மின்னஞ்சலும் டிக்கெட்டும் (வேலைக் கோரிக்கைப் பதிவு) தேதியைச் சொல்லிவிடும். மிச்சத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் கேளுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் முதன்முதலாக இதைச் செய்தபோது கிடைத்ததைச் சொல்கிறேன். சப்போர்ட்டில் இருந்த ஒரு பெண், வாடிக்கையாளர்கள் திங்கள்கிழமை காலையில் ஒரே ரிப்போர்ட்டை இறக்கி எக்செலில் போட்டு முதலாளிக்கு அனுப்புகிறார்கள் என்று கவனித்திருக்கிறாள். 'ரிப்போர்ட் தானாகவே மெயிலில் போனால் என்ன?' என்று தன் லீடிடம் கேட்டாள். லீடு சப்போர்ட் மேனேஜரிடம் சொன்னார். அவர் மாதாந்தரக் கூட்டத்துக்குக் காத்திருந்தார். அங்கிருந்து புராடக்ட் மேனேஜர், அப்புறம் ஆர்க்கிடெக்ட், சர்வர் டீம், பாதுகாப்பு டீம், கடைசியாகப் பிரிவுத் தலைவர். ஏழு வாசல், ஐந்து மாதம். கோட் எழுதியது நான்கு நாள். அந்த ஐந்து மாதத்தில் யாருமே 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் நியாயமான ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு ஒரு வாரம் காத்திருந்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்த யோசனையும் சொல்லவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

உங்கள் சார்ட்டில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த நாள், வேலை நடந்த நாள், தலையசைக்க வேண்டியிருந்த ஆட்களின் எண்ணிக்கை. இனி வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றோடு தொடர்பு உள்ளவை.

படி 2: டீமை வெட்டும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968 ஏப்ரலில் ஒரு கணினி இதழில் எழுதிய கட்டுரையில், ஓர் அமைப்பு வடிவமைக்கும் எதுவும் அந்த அமைப்பின் தகவல் தொடர்பு வடிவத்தையே நகலெடுக்கும் என்றார். ஓர் உதாரணமும் கொடுத்தார். எட்டுப் பேரிடம் இரண்டு கம்பைலர் (நிரல் மொழியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) செய்யும் வேலை வந்தது. கோபால் (COBOL) என்ற நிரல் மொழிக்கு ஐந்து பேர், அல்கால் (ALGOL) என்ற மொழிக்கு மூன்று பேர் என்று பிரித்தார்கள். முடிந்தபோது கோபால் கம்பைலர் ஐந்து கட்டமாக ஓடியது, அல்கால் மூன்று கட்டமாக ஓடியது. ஆளுக்கு ஒரு கட்டம்.

வேடிக்கைக் கதை என்று ஒதுக்க முடியாதபடி, நாற்பது ஆண்டு கழித்து ஒரு கனமான ஆதாரம் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த நாச்சியப்பன் நாகப்பனும் பிரண்டன் மர்ஃபியும், விக்டர் பாசிலியுடன் சேர்ந்து விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தை ஆராய்ந்தார்கள். எந்தப் பகுதியில் பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்ல எது உதவும்? கோட் எவ்வளவு சிக்கல், எத்தனை முறை மாற்றப்பட்டது, எவ்வளவு சோதிக்கப்பட்டது ஆகிய அளவுகோல்களை எல்லாம் பார்த்தார்கள். அவை எல்லாவற்றையும்விட, அந்தக் கோட் பகுதியில் கை வைத்தவர்கள் நிறுவன அமைப்பில் எப்படிச் சிதறிக் கிடந்தார்கள் என்பதே நன்றாகக் கணித்தது. துல்லியம் ஏறக்குறைய 86 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு இது. நம்முடைய ஆர்கனைசேஷன் சார்ட் ஹெச்.ஆர். அறையில் தொங்கும் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மென்பொருளின் வரைபடம்.

ஆகவே ஆட்களை வேலை வகைப்படி (டெவலப்பர்கள் ஒரு மாடி, டெஸ்டர்கள் ஒரு மாடி, சர்வர் ஆட்கள் இன்னொரு மாடி) பிரித்தால், சின்ன மாற்றம்கூட எல்லா மாடியும் ஏறி இறங்கும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஒரு பயனை வைத்துப் பிரித்தால் அது ஓர் அறைக்குள் முடியும். பில்லிங் டீம் என்றால் பில்லிங்கை வடிவமைக்கிறவர், கோட் எழுதுகிறவர், சோதிக்கிறவர், இரவில் சர்வர் விழுந்தால் எழுந்திருக்கிறவர், வாடிக்கையாளரின் போனை எடுக்கிறவர் எல்லாரும் ஒரே டீம்.

எத்தனை பேர்? கணக்கு போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் என்றால் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைப்புகள் 28. பதினாறு பேர் என்றால் 120. ஐம்பது பேர் என்றால் 1,225. அமேசானில் இரண்டு பீட்சா போதுமான அளவுக்கு டீம் சின்னதாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். ஆனால் அளவு பாதிக் கதைதான். அங்கே 2000களின் தொடக்கத்தில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் இன்னொரு கட்டளையும் போட்டார்: ஒரு டீம் இன்னொரு டீமின் தரவைக் குறுக்கு வழியில் எடுக்கக் கூடாது, எல்லாம் முறையான இடைமுகம் (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்க வகுத்த வழி) வழியாகவே நடக்க வேண்டும், அந்த இடைமுகத்தை வெளியாட்களுக்கே விற்கலாம் என்னும் தரத்தில் கட்ட வேண்டும். இந்தப் பழக்கம் 2006இல் உண்மையிலேயே வெளியாட்களுக்கு விற்கும் கிளவுட் சேவைகளுக்கு ஒரு வேராக இருந்தது. டீம்களைச் சின்னதாக்கிவிட்டு இடைமுகத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால், ஐந்து பெரிய டீம்களுக்குப் பதில் ஐம்பது சின்ன டீம்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

உங்கள் டீமை வெட்டிய இடம் சரியா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்த டீம் யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல், ஒரு சிறு மாற்றத்தை இன்றே வாடிக்கையாளருக்குக் கொண்டுபோக முடியுமா? முடியாதென்றால் எதற்குக் காத்திருக்கிறதோ அந்த ஆளையோ அந்த அதிகாரத்தையோ டீமுக்குள் கொண்டு வாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வடிவம் எல்லாருக்கும் பொருந்தாது. 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸ் நேர் எதிராகச் செய்தார். தனித்தனிப் பிரிவுகளையும் அவற்றின் பொது மேலாளர்களையும் எடுத்துவிட்டு, வன்பொருள், மென்பொருள், வடிவமைப்பு என்று துறை வல்லுநர்கள் கையில் கொடுத்து, முழுக் கம்பெனிக்கும் ஒரே லாப நஷ்டக் கணக்கு வைத்தார். ஒரு கைப்பேசியின் திரை, சிப், மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய பொருளுக்கு அது சரி. பல சேவைகள் தனித்தனியாக வளரக்கூடிய கம்பெனிக்கு அமேசான் வழி சரி. டீம்களை 'ஸ்குவாட்' என்று அழைத்த ஸ்பாட்டிஃபை இசைச் சேவையின் வடிவத்தை 2012க்குப் பிறகு உலகமே நகலெடுத்தது. நம் ஊரிலும் டீமுக்கு 'ஸ்குவாட்' என்று பெயர் மாற்றி, பழைய ஏழு வாசலை அப்படியே வைத்துக்கொண்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 3: புது முயற்சிக்கு ஒரே ஆள், முழு நேரம்

2004இல் அமேசானின் வருமானத்தில் பெரும்பங்கு புத்தகம், குறுந்தகடு போன்ற பொருள்களில் இருந்து வந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் கெஸ்ஸல். பெசோஸ் அவரை அந்த வேலையில் இருந்து முழுமையாக எடுத்து, மின்னூலை மட்டும் பார்க்கச் சொன்னார். பழைய வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், தினமும் பணம் தரும் புத்தக விற்பனைதான் அவருடைய நாளைத் தின்றிருக்கும். 2007 நவம்பரில் கிண்டில் வந்தது.

நம்மிடம் நடப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'இன்னவேஷன்' வேலை யாருக்குக் கொடுக்கப்படுகிறது? கிளையன்ட் வேலையில் முழுதாக பில்லிங் ஆகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, சனிக்கிழமை பார்த்துக்கொள் என்று. இல்லையென்றால் பெஞ்சில் இருப்பவர்களுக்கு, அடுத்த புராஜெக்ட் கிடைக்கும் வரை. இரண்டு வழியிலும் எதுவும் வெளிவராது. மூன்று புது முயற்சிகளை அரைகுறையாக வைத்திருப்பதைவிட, ஒன்றை எடுத்து ஒரு நல்ல ஆளை மற்ற எல்லாவற்றில் இருந்தும் விடுவித்துக் கொடுங்கள். அவரை இழப்பது பழைய டீமுக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லையென்றால் சரியான ஆளை எடுக்கவில்லை என்று பொருள்.

வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற கூகுளின் இருபது சதவீத நேரம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அந்த விதி நல்ல விதைப் பாத்தி. ஆனால் நாற்று பெரிதானதும் எடுத்து நட வயல் வேண்டும். முழுநேர டீமாக மாற்றும் வழி இல்லாத இடத்தில் அந்த விதி வெறும் கூடுதல் வேலையாகிவிடும்.

படி 4: எந்த முடிவை யார் எடுப்பது என்று எழுதி ஒட்டுங்கள்

பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை இரண்டு வகைக் கதவாகப் பிரித்தார். ஒன்றில் போனால் திரும்ப முடியாது. இன்னொன்றில் போய்ப் பார்த்து, சரியில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம். பெரிய கம்பெனிகள் இரண்டாவது வகைக்கும் முதல் வகையின் கனமான நடைமுறையைப் பயன்படுத்துவதால்தான் மந்தமாகின்றன என்பது அவர் வாதம்.

இதை உங்கள் கம்பெனிக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பொத்தானை அணைத்தால் பழைய நிலைக்குப் போய்விடும் மாற்றம், ஐந்து சதவீத வாடிக்கையாளருக்கு மட்டும் போகும் சோதனை, குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் செலவு: இவை டீமின் முடிவு, மேலே தகவல் மட்டும் போதும். வாடிக்கையாளர் தரவை அழிப்பது, விலையை மாற்றுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது: இவை மேலே வர வேண்டும், அதற்கும் ஒரே ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். 'கமிட்டி' என்று எழுதாதீர்கள். படி 1இல் வரைந்த ஏழு வாசலில் ஐந்து இந்த ஒரு பக்கத்தாலேயே போய்விடும்.

படி 5: பயத்தைக் குறையுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் யோசனை வராமல் போகலாம். அதற்குக் காரணம் பயம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நோக்கியாவை எடுத்துக்கொள்வோம். 2007இல் ஐபோன் வந்தபோது உலகின் மிகப் பெரிய கைப்பேசிக் கம்பெனி அதுதான். பணம் இருந்தது, ஆய்வுக்கூடங்கள் இருந்தன, தொடுதிரை பற்றிய அறிவும் இருந்தது. டிமோ வூரி, குய் ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் பிற்பாடு 76 பேரை நேர்கண்டு, என்ன நடந்தது என்று எழுதினார்கள். மேலே இருந்தவர்கள் போட்டியாளர்களையும் முதலீட்டாளர்களையும் பார்த்துப் பயந்தார்கள். பயந்ததால் கீழே அழுத்தினார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்று. நடுவில் இருந்த மேனேஜர்கள் மேலே இருந்தவர்களுக்குப் பயந்தார்கள்; பயந்ததால் நோக்கியா கைப்பேசிகளின் இயங்குதளமான சிம்பியன் மென்பொருள் தயாராகவில்லை என்ற உண்மையை மென்மையாக்கிச் சொன்னார்கள், சில சமயம் சொல்லாமலே விட்டார்கள். மேலே நல்ல செய்தியே போய்க்கொண்டிருந்தது. 2013 செப்டம்பரில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள்.

அந்தக் கதையின் ஒரு முனை நம் வாசலில் வந்து முடிந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கூட்டத்தில் ஒரு மேனேஜர் வாயை மூடிக்கொண்டதற்கும், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண் வேலையை இழந்ததற்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பேசினால் தனக்குப் பாதகம் வராது என்ற நம்பிக்கையை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் ஆராய்ந்தார். மருத்துவமனைகளில் நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அதிகமாக இருந்தது. நல்ல குழுக்கள் அதிகம் பிழை செய்யவில்லை, மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். 2012இல் கூகுள் தன் 180 டீம்களை ஆராயத் தொடங்கியபோதும், சிறந்த டீமைப் பிரித்துக் காட்டியதில் முதலிடத்தில் நின்றது இந்த நம்பிக்கையே. யார் எவ்வளவு புத்திசாலி என்பது அதற்கு அப்புறம்தான்.

நம் அலுவலகங்களில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. 'சரி சார்' என்பதற்கு 'ஒத்துக்கொள்கிறேன்' என்று பொருள் இல்லை, 'கேட்டுக்கொண்டேன்' என்றுதான் பொருள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் பழக்கப்பட்டு வந்த பிள்ளைகள், திடீரென்று கூட்டத்தில் 'சுதந்திரமாகப் பேசுங்கள்' என்றால் பேசிவிட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள்தான் முறையை மாற்ற வேண்டும். எனக்குப் பலன் தந்தவை இவை.

கூட்டத்தில் மிகவும் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்றே பதில் வரும். 'இது தோற்றால் எதனால் தோற்கும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்' என்று கேளுங்கள். முதலில் கெட்ட செய்தி கொண்டு வருபவருக்கு அந்த இடத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். உங்கள் முகம் அப்போது எப்படி இருக்கிறது என்பதை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழி சொல்லாத விசாரணை இப்படித்தான் இருக்கும்

பயத்தைக் குறைக்கும் கருவிகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான். கைவினைப் பொருள் விற்கும் இணையச் சந்தையான எட்சி கம்பெனியில் தவறுதலாகப் பெரிய கோளாறை உண்டாக்கிய பொறியாளருக்கு மூன்று கை வைத்த ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்து வந்தார்கள். அது அங்கே கௌரவமாக இருந்தது. ஏனென்றால் கணினி அமைப்பில் யாரும் அறியாத ஓட்டை ஒன்றை அவர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்.

ஒரு நிகழ்வைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ். ஒன்றரை வருட அனுபவம் உள்ள பையன் டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டான். நாற்பது நிமிடம் எல்லாம் நின்றது. திங்கட்கிழமை காலை விசாரணை. 'ஏன் இப்படிப் பண்ணே?' என்று ஆரம்பித்தால் 'சாரி சார்' என்ற பதிலோடு முடிந்துவிடும். கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்காது. 'அந்த நேரத்தில் உன் திரையில் என்ன தெரிந்தது?' என்று கேளுங்கள். இரண்டு கருப்பு ஜன்னல், இரண்டும் ஒரே நிறம், சர்வர் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று சொல்வான். 'இதற்கு முன்னால் யாருக்காவது இந்தக் குழப்பம் வந்திருக்கிறதா?' என்று கேளுங்கள். அறையில் நான்கு கை மெல்ல உயரும். அவ்வளவு நாள் அந்த நான்கு பேரும் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கிறார்கள். புரொடக்‌ஷன் ஜன்னலைச் சிவப்பாக்குவது, அழிக்கும் கட்டளைக்கு சர்வர் பெயரை முழுதாக அடிக்கச் சொல்வது: அன்று மாலைக்குள் இரண்டும் முடிந்துவிடும்.

விசாரணை அறிக்கையில் ஆள் பெயர் இருக்கக் கூடாது, 'ரிலீஸ் செய்தவர்' என்று மட்டும் போதும். நேர வரிசை, அப்போது தெரிந்தது, செய்யத் தீர்மானித்த மாற்றம், அதை முடிக்க வேண்டிய தேதி, இவ்வளவும் இருந்தால் போதும். அறிக்கையைக் கம்பெனி முழுக்கப் படிக்க வையுங்கள். வேண்டுமென்றே செய்த தீங்கு, ஒளித்து வைத்தது ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தக் கோடு தெளிவாக இருந்தால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

படி 6: ஸ்லைடுக்குப் பதில் எழுத்து

2004 ஜூனில் அமேசானின் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்டைத் தடை செய்தார்கள். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் உட்கார்ந்து மௌனமாக அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. புதுப் பொருள் என்றால் அது வெளியாகும் நாளில் வரப்போகும் பத்திரிகைச் செய்தியை முதலிலேயே எழுதிப் பார்ப்பார்கள்.

நம் சூழலில் இதற்கு இன்னொரு பெரும் பயன் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து, சின்ன ஊர்க் கல்லூரியில் இருந்து வந்த பொறியாளர், ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். அவரிடம் யோசனை இல்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கலந்துரையாடல் தமிழில் நடக்கட்டும், முடிவை மட்டும் ஆங்கிலத்தில் பதிவு செய்யுங்கள். யார் யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். சோஹோ 2005 முதல் கல்லூரிக்குப் போகாத மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது; தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. வெளி முதலீட்டாளர் இல்லாததால் காலாண்டுக் கணக்குக்குப் பதில் சொல்லும் அவசரம் அவர்களுக்கு இல்லை. ஆட்களை வளர்க்க ஆண்டுக் கணக்கில் காத்திருக்க அது உதவுகிறது. எல்லாராலும் முதலீட்டை மறுக்க முடியாது. எழுதச் சொல்வதும் தமிழில் பேச விடுவதும் எல்லாராலும் முடியும்.

படி 7: அப்ரைசலை (ஆண்டு வேலை மதிப்பீட்டை) மாற்றாமல் எதுவும் நிலைக்காது

மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு டீமிலும் இத்தனை பேர் மேல், இத்தனை பேர் நடு, இத்தனை பேர் கீழ் என்று கட்டாயமாக வகுத்தாக வேண்டும். பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாராவது ஒருவர் கீழே போவார். பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் தன் இடம் பறிபோகும் என்றால் யார் உதவுவார்? திறமைசாலிகள் திறமைசாலிகளோடு ஒரே டீமில் சேரவே தயங்கினார்கள். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா தலைமைப் பொறுப்பேற்று, எல்லாம் தெரிந்தவராக இருப்பதைவிடக் கற்றுக்கொள்பவராக இருப்பது மேல் என்பதை முன்னே வைத்தார். போட்டியாளரான ஆப்பிளின் ஐபேடுக்கு ஆஃபீஸ் வந்தது 2014 மார்ச்சில்.

உங்கள் படிவத்தைத் திறந்து பாருங்கள். அதில் டெலிவரி தேதி, பிழை எண்ணிக்கை, பில்லிங் மணி மட்டும் இருந்தால் ஆட்கள் அதைத்தான் செய்வார்கள், அது அவர்கள் தவறே இல்லை. மூன்று கேள்விகளைச் சேருங்கள்: இந்த ஆண்டு எந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்த்தீர்கள்? எதை நிறுத்தச் சொன்னீர்கள்? உங்களால் வேறு டீமில் யாருடைய வேலை எளிதாயிற்று? மூன்றாவது கேள்விக்கு அந்த வேறு டீமே பதில் எழுதட்டும்.

தோற்ற முயற்சியில் இருந்தவர்களை என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். அமேசானின் ஃபயர் போன் 2014இல் வந்து படுதோல்வி அடைந்தது, 17 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். அதைச் செய்த லேப்126 என்ற அதே பிரிவில் இருந்துதான் அதே ஆண்டு நவம்பரில் எக்கோ ஒலிபெருக்கி வந்தது. தோற்ற கையோடு அந்தக் கூடத்தை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கம்பெனியில் நின்றுபோன முயற்சியின் தலைவருக்கு அடுத்த நல்ல வேலை தேடிக் கொடுங்கள், முடிந்தால் முயற்சியை நிறுத்தும் அறிவிப்பும் அவருடைய புது வேலை அறிவிப்பும் ஒரே நாளில் வரட்டும்.

படி 8: நிறுத்தும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள்

தொடங்கும்போது இரண்டு வரி: இந்தத் தேதிக்குள் இத்தனை வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் பயன்படுத்தவில்லையென்றால் நிறுத்துவோம், அதுவரை யாரும் ஆளையோ பட்ஜெட்டையோ எடுக்க மாட்டோம். இரண்டாவது வரி முதல் வரியைவிட முக்கியம். காலாண்டு நெருக்கடி வந்ததும் புது முயற்சியில் இருந்து ஆளைப் பிடுங்குவது வழக்கமாகிவிட்டால், அடுத்த முறை நல்ல ஆள் யாரும் அதில் சேர மாட்டார்.

ஸெராக்ஸுக்குத் திரும்புவோம். லேசர் பிரிண்டரைப் பெற்ற அதே பாலோ ஆல்டோ, 1973இல் ஆல்டோ என்ற கணினியையும் செய்தது. சுட்டி, திரையில் ஜன்னல்கள், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் எல்லாம் அங்கே இருந்தன. பிரிண்டர் தாள் கணக்கில் சம்பாதிக்கும் பழைய தொழிலோடு இயல்பாகப் பொருந்தியது, அதை விற்க ஆட்கள் இருந்தார்கள். ஆல்டோவை விற்க யாரும் இல்லை. அதன் வழியில் வந்த ஸ்டார் 1981இல் 16,000 டாலருக்கு மேல் விலையில் வந்தபோது நேரம் போய்விட்டிருந்தது. ஆகவே முயற்சி வென்றால் யார் விற்பார், யார் சப்போர்ட் கொடுப்பார் என்பதையும் அதே தாளில் முதல் நாளே எழுதுங்கள். விற்பனையில் இருந்து ஒருவரை முதல் மாதமே டீமில் உட்கார வையுங்கள்.

படி 9: முதல் தொண்ணூறு நாள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். முதல் இரண்டு வாரம் படி 1 மட்டும். மூன்றாவது வாரம் முடிவுகளின் பட்டியலை எழுதி ஒட்டுங்கள். செலவே இல்லாத மாற்றம் அது. அடுத்து வரும் முதல் கோளாறில் பழி சொல்லாத விசாரணையை நீங்களே நடத்துங்கள், வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இரண்டாவது மாதத்தில் ஒரே ஒரு டீமை மட்டும் படி 2இல் சொன்னபடி மாற்றி அமையுங்கள். அந்த டீமின் ஆட்கள் அருகருகே உட்காரட்டும். தூரம் கூடக் கூடப் பேச்சு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970களிலேயே அளந்து காட்டிவிட்டார். வீட்டில் இருந்து வேலை செய்யும் டீம் என்றால் வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் வரும் நாளாக இருக்கட்டும், அன்று வேறு கூட்டம் வைக்காதீர்கள். மூன்றாவது மாதம் அப்ரைசல் படிவம்; ஹெச்.ஆர். ஆட்களை முதல் வாரத்தில் இருந்தே கூட வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும்.

தொண்ணூறாம் நாள் புதிதாக ஒரு சார்ட் பேப்பர் எடுத்து, இந்த மூன்று மாதத்தில் பிறந்த ஒரு யோசனையின் பாதையை வரைந்து, பழைய சார்ட்டின் பக்கத்தில் ஒட்டுங்கள். நாள் குறைந்திருக்கிறதா, வாசல் குறைந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு பழைய சார்ட்டில் பாதியில் காணாமல் போன அந்த யோசனையைச் சொன்னவரைக் கூப்பிட்டு, இரண்டையும் காட்டி, அதை இப்போது எடுத்துச் செய்ய விருப்பமா என்று கேளுங்கள்.